சின்ன வீட்டுக்கு எந்த அளவு விறகடுப்பு? திருகோணமலையில் புதிதாக அடுப்பு வைப்பவர்களுக்கு

2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற பிறகு, திருகோணமலையில் பல வீடுகளில் விறகடுப்பு மறுபடியும் குசினிக்குள் வந்துவிட்டது. காஸ் கிடைக்கத் தொடங்கிய பிறகும் பலர் அதை எடுக்கவில்லை. சிலிண்டர் விலைக்குப் பயந்து சோறும் கிழங்கும் விறகில் அவிப்பது, தேத்தண்ணிக்கு மட்டும் காஸ் என்று பழகிவிட்டார்கள். ஆனால் அம்மம்மா காலத்துக் குசினி வேறு. அது வளவின் பின்பக்கம் தனியாக இருந்தது, கிடுகு வேலியூடாகப் புகை தானாகப் போனது. இப்போது வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது சதுர அடி வீட்டில் குசினி என்பது வீட்டோடு ஒட்டிய ஒரு சின்ன அறை. அதற்குள் எந்த அளவு அடுப்பை வைப்பது என்பதுதான் புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள் கேட்கிற கேள்வி.

அந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான். தினமும் எந்தப் பானை ஏறுகிறதோ, அந்தப் பானைக்கு அடுப்பை அளந்து வையுங்கள். ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்தோ, பொங்கலுக்கு வரப்போகிற சொந்தக்காரரை நினைத்தோ வைக்காதீர்கள். அடுப்பு தேவைக்கு மேல் பெரிதானால் விறகும் புகையும் குசினிச் சூடும் சேர்ந்தே கூடும்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் போனில் சொல்கிற கணக்கை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குளிர்நாட்டில் விறகு ஸ்டோவ் என்றால் அறையைச் சூடாக்குகிற இரும்புப் பெட்டி. அங்கே அறையின் கன அளவைப் பார்ப்பார்கள். சுமார் 14 கன மீற்றருக்கு 1 கிலோவாற் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. நமக்குத் தேவை அதற்கு நேர்மாறானது. வைகாசி, ஆனியில் சூடான கச்சான் காற்று அடிக்கும்போது குசினிக்குள் ஒரு துளிச் சூடுகூட மிஞ்சக் கூடாது, எல்லாம் பானைக்குள் போக வேண்டும்.

முதல் வேலை: பானையை அளப்பது

சந்தைக்குப் போவதற்கு முன் வீட்டில் உள்ள பானை சட்டிகளை வெளியே எடுங்கள். ஒரு கிழமையில் மூன்று நாளுக்கு மேல் அடுப்பில் ஏறுபவற்றை மட்டும் ஒரு பக்கம் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஒரு சோற்றுப் பானை, ஒரு மண்சட்டி, ஒரு தாச்சி, ஒரு கேத்தில் என்று முடிந்துவிடும். இடியப்பம், புட்டு அவிக்கிற பானை சில வீடுகளில் தினமும் ஏறும், சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறும்.

அந்தக் கூட்டத்தில் மிகப் பெரியதினதும் மிகச் சின்னதினதும் வயிற்றுப் பக்கக் குறுக்களவை அளந்து எழுதுங்கள். நாலு பேர் வீட்டுச் சோற்றுப் பானை அநேகமாக 22 முதல் 26 சென்ரிமீற்றருக்குள் வரும். அப்புறம் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மண்சட்டிக்கும் தாச்சிக்கும் அடி உருண்டை, அலுமினியப் பானைக்குத் தட்டை. உருண்டை அடி அடுப்பு வாய்க்குள் கொஞ்சம் இறங்கி உட்காரும், தட்டை அடி மேலேயே நிற்கும். இரண்டும் ஒரே வாயில் ஏற வேண்டுமென்றால் வாயைச் சின்னப் பானைக்குத்தான் அளக்க வேண்டும். பெரிய பானை சின்ன வாயில் நிற்கும். சின்னச் சட்டி பெரிய வாயில் ஒன்று விழும், இல்லாவிட்டால் சுற்றிவர நெருப்பு வெளியே போகும்.

ஒரு வாயா, இரண்டு வாயா?

இலங்கையில் சின்னக் குடும்பத்துக்கு எளிதாகக் கிடைக்கிற நல்ல அடுப்பு அனகி. களிமண்ணில் வார்த்துச் சுட்ட ஒரே துண்டு. முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வாய், விறகு வைக்க ஒரே துவாரம். 1986இல் இலங்கை மின்சார சபையும் ஐ.ரி.டி.ஜி என்ற பிரித்தானிய அமைப்பும் சேர்ந்து இதை உருவாக்கின. ஆறு பேர் வரையான குடும்பத்தின் சமையலை மனதில் வைத்துச் செய்தது என்பதால் நம் வீடுகளுக்கு அளவு சரியாகவே இருக்கும்.

முன்வாயில் நெருப்பு நேராகப் படும், பின்வாய்க்கு மிச்சச் சூடு போகும். முன்னால் உலை கொதிக்கும்போது பின்னால் பருப்பு மெதுவாக அவியும், அல்லது குளிக்கச் சுடுதண்ணி ஆகும். இந்தப் பழக்கம் உள்ள வீட்டுக்கு இரண்டு வாய் அடுப்பு கொடுத்துவைத்தது. ஆனால் பகலில் இருவரும் வேலைக்குப் போய், இரவில் ஒரு சோறு ஒரு கறி மட்டும் ஆக்குகிற வீட்டில் பின்வாய் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அதனூடாகச் சூடும் புகையும் சும்மா போகும். அப்படியான வீட்டுக்கு ஒரு வாய் அடுப்பே போதும். ஏற்கனவே அனகி வாங்கியிருந்தால் கவலைப்படாதீர்கள், பின்வாயில் எப்போதும் ஒரு பானை தண்ணி வைத்துவிடுங்கள். பாத்திரம் கழுவ அந்தச் சுடுதண்ணி உதவும்.

வாங்கும்போது பானையையும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. பானையை முன்வாயில் வைத்து அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. வாய் விளிம்பில் பானை தாங்குகிற மேடுகள் சமமாக இருக்க வேண்டும். அடுப்பைத் தூக்கி விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையான சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கலாம், அல்லது சூளையில் சரியாக வேகவில்லை.

மேசனை வைத்தோ, நீங்களே செங்கல்லும் மண்ணும் குழைத்தோ கட்டுவதானால் மூன்று அளவுகளைக் கவனியுங்கள். விறகு போகிற துவாரம் 12க்கு 12 சென்ரிமீற்றர் இருந்தால் வீட்டுப் பானைக்குப் போதும். 30 சென்ரிமீற்றர் வரையான பானையை அது கொதிக்க வைக்கும். ஆசைக்கு ஒரு சாண் அகலம் விட்டால் அதற்குள் தடி தடியாக விறகைத் தள்ளத்தான் கை போகும், காற்றும் தேவைக்கு மேல் புகுந்து நெருப்பைக் குளிர வைக்கும். இரண்டாவது, நெருப்புத் தளத்துக்கும் பானை அடிக்கும் இடையிலான உயரம். அது ஒரு சாணை விடக் குறைவாக, 15 முதல் 18 சென்ரிமீற்றர் வரை இருக்கட்டும். நெருப்பின் நுனி பானை அடியைத் தொட வேண்டும், ஆனால் விறகு பானையில் முட்டக் கூடாது. மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: பானைக்கும் வாய் விளிம்புக்கும் நடுவே விடுகிற இடைவெளி. ஒரு விரல் தடிப்பு, அதாவது ஒரு சென்ரிமீற்றர் அல்லது கொஞ்சம் கூட. அதைவிடக் குறைந்தால் புகை வெளியேற வழியில்லாமல் விறகுத் துவாரத்தால் உங்கள் முகத்துக்கு வரும். கூடினால் சூடு பானையைத் தொடாமலே மேலே போய்விடும்.

சரி, திவசம், பூப்புனித நீராட்டு, பொங்கல் வந்தால்? அதற்கு முற்றத்தில் மூன்று கல்லை வைத்துப் பெரிய பானையை ஏற்றுங்கள், அன்றோடு முடிந்தது. வருடத்தில் நாலு நாளுக்காக மிச்ச நாள் முழுக்க விறகை வீணாக்குகிற அடுப்பைக் குசினிக்குள் கட்டுவது நியாயமில்லை.

எங்கே வைப்பது, எந்தப் பக்கம் பார்க்க வைப்பது

அளவு சரியாக இருந்தும் அடுப்பு சரிவராத வீடுகளைப் பார்த்தால் பெரும்பாலும் காற்றுத்தான் காரணமாக இருக்கும். திருகோணமலையில் இரண்டு காற்றை நினைவில் வைத்தால் போதும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான், தென்மேற்கிலிருந்து தரை வழியாகச் சூடாக வரும். ஐப்பசி கடைசியிலிருந்து தை, மாசி வரை வாடை, வடகிழக்கிலிருந்து கடலையும் மழையையும் சேர்த்துக் கொண்டு வரும். நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி மாதிரிக் கடற்கரை ஓரத்து வீடுகளுக்கு வாடை நேரடியாகவே வந்து மோதும்.

விறகுத் துவாரம் இந்த இரண்டு காற்றுக்கும் நேரே இருக்கக் கூடாது. வடமேற்கு அல்லது தென்கிழக்குப் பார்த்திருந்தால் இரண்டும் பக்கவாட்டில் போய்விடும். ஆனால் இங்கே பலர் குசினியை அக்கினி மூலையில் வைத்து, கிழக்குப் பார்த்துச் சமைக்கிற மாதிரித்தான் அடுப்பைப் போடுவார்கள். அதில் தவறொன்றும் இல்லை. அப்போது துவாரம் மேற்குப் பார்க்கும், கச்சான் மாதங்களில் காற்று சரிந்து உள்ளே ஊதும். சமைப்பவர் முதுகுக்குப் பின்னால் கதவோ யன்னலோ இருந்தால், அடுப்பு எரியும்போது அதைப் பாதி சாத்திவிட்டு வேறு பக்க யன்னலைத் திறவுங்கள். வெளிக் குசினியானால் மேற்குப் பக்கம் இடுப்பளவு சுவரோ தகரத் தட்டியோ போடுங்கள். கிடுகு வேண்டாம், கச்சான் மாதத்தில் காய்ந்த கிடுகுக்கு ஒரு பொறி போதும்.

பக்கச் சுவர் சீமெந்துக் கல்லானால் அடுப்பை ஒரு சாண் தள்ளி வைக்கலாம். பலகை, தகரம் என்றால் மூன்று சாணாவது தள்ளுங்கள். தவழுகிற பிள்ளை உள்ள வீட்டில் அடுப்பைத் தரையில் வைக்கவே வேண்டாம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வருகிற மாதிரி மேடை கட்டுங்கள். குனிந்து ஊதத் தேவையில்லாததால் முதுகுக்கும் அது நல்லது.

புகைபோக்கி பற்றி

வெளிக் குசினிக்கு, மூன்று பக்கம் திறந்த பத்திக்கு, புகைபோக்கி இல்லாமல் சமாளிக்கலாம். வீட்டோடு ஒட்டிய மூடிய குசினிக்கு அது கட்டாயம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2020இல் மட்டும் வீட்டுக்குள் எரிபொருள் எரிப்பதால் உண்டாகிற மாசு 32 இலட்சம் பேரின் சாவுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. அதில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இரண்டு இலட்சத்துக்கு மேல். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுப்படியில் இருக்கிற தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

வீட்டு அடுப்புக்கு நாலு அல்லது ஐந்து அங்குலக் குழாய் போதும். அதை வளைவு இல்லாமல் நேரே மேலே விட்டு, கூரை முகட்டை விட இரண்டு அடி உயர்த்துங்கள். முகட்டுக்குக் கீழே நின்றால் வாடை கூரையில் மோதித் திரும்பும்போது புகையை உள்ளே தள்ளும். மேலே மழைக்கு ஒரு தொப்பித் தகரம் வேண்டும். கடல் காற்றில் மெல்லிய தகரக் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆகவே கொஞ்சம் தடித்த குழாயாகப் பாருங்கள், அல்லது செங்கல்லில் கட்டிவிடுங்கள்.

கூரை அஸ்பெஸ்ரஸ் சீற்றானால் ஒரு எச்சரிக்கை. குழாய்க்காக அதை வாளால் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. சூடேறினால் அந்தச் சீற் வெடித்துச் சிதறவும் செய்யும். குழாயைச் சுவரின் மேற்பகுதியால் வெளியே எடுத்து, வெளிச்சுவரோடு ஒட்டி மேலே ஏற்றுங்கள்.

அடுப்பைப் பதிப்பது

அனகியை வாங்கி வந்து அப்படியே வைத்து எரிக்காதீர்கள். சுற்றிவர இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் மண் பூசினால்தான் சூடு உள்ளே நிற்கும், அடுப்பும் வெடிக்காது. நல்லாகப் பூசிய அடுப்பு மூன்று வருடம் வரை உழைக்கும். களிமண்ணோ புற்றுமண்ணோ ஒரு பங்குக்கு உமி ஒரு பங்கு சேர்த்து, கால் வைத்து மிதித்துக் குழைத்து ஒரு இரவு ஊற விடுங்கள். தம்பலகாமம் பக்கம் போனால் நெல் ஆலைகளில் உமி தாராளமாகக் கிடைக்கும். கடற்கரை மணலைக் கலக்க வேண்டாம், அதில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பூசிய பிறகு நிழலில் ஒரு கிழமையாவது காயட்டும். முதல் இரண்டு நாள் சுள்ளி மட்டும் எரியுங்கள். மெல்லிய வெடிப்பு வரும், அதைச் சாணியும் மண்ணும் கரைத்து மெழுகினால் சரி.

விறகும் அடுப்புக்கு ஏற்ற அளவில்

அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு விறகைப் பெரிதாக வைத்தால் பிரயோசனமில்லை. 12 சென்ரிமீற்றர் துவாரத்துக்கு மணிக்கட்டை விடக் கொஞ்சம் மெல்லிய கொள்ளிகள் மூன்று, நாலு போதும். துவாரத்தின் மேல் பாதி காற்றுக்காகக் காலியாகத் தெரிய வேண்டும்.

சவுக்கு நல்லாகச் சூடு தரும். வேலிக் கதியாலாக நிற்கிற கிளிசரியாவை வெட்டும்போது வருகிற தடிகள் காய்ந்தால் நேர்த்தியாக எரியும், வெட்டிய இடத்தில் மறுபடி தளிர்த்தும் விடும். தென்னை உள்ள வளவில் சிரட்டை, பொச்சுமட்டை, பாளை, ஓலைமட்டை எல்லாம் சும்மா கிடைக்கும். பனை உள்ள பக்கங்களில் ஊமல் (காய்ந்த பனங்கொட்டை) மூட்டையாகச் சேர்த்து வைப்பார்கள். சின்ன அடுப்புக்கு அது பொருத்தமான எரிபொருள். முருங்கை, முள்முருக்கு எல்லாம் புசுபுசுவென்று எரிந்து உடனே சாம்பலாகிவிடும். அலரி நஞ்சுச் செடி, அதை அடுப்பில் வைக்காதீர்கள். கடலில் ஒதுங்கிய கட்டையும் வேண்டாம்: உப்பு ஊறிய மரம் எரியும்போது நச்சுப் புகை வரும், குழாயையும் அரிக்கும். பெயின்ற் பூசிய பழைய வள்ளத்துப் பலகைக்கும் இதே பேச்சுத்தான். காட்டில் அனுமதி இல்லாமல் மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம் என்பதைப் புதிதாக வந்தவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பச்சை விறகில் பாதி எடை தண்ணி. அதை எரித்தால் உங்கள் நெருப்பு சோற்றுப் பானையைச் சூடாக்குவதற்கு முன் விறகில் உள்ள தண்ணியை ஆவியாக்க வேண்டும். ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வர வேண்டும். இரண்டு கொள்ளியை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்ததானால் சத்தம் கூர்மையாக வரும், வெட்டு முகத்தில் கதிர் கதிராக வெடிப்பு ஓடியிருக்கும், தோல் தானாகக் கழன்று விழும். கச்சான் காலம்தான் விறகு காய வைக்கிற காலம். ஆனிக்குள் பிளந்து அடுக்கினால் ஐப்பசி மழைக்கு முன் காய்ந்துவிடும்.

எவ்வளவு சேர்ப்பது? இரண்டு வேளை சமைக்கிற நாலு பேர் வீட்டுக்கு நாளுக்கு நாலு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்கள் மூன்றுக்கு 360 கிலோ, அடுக்கினால் சுமார் ஒரு கன மீற்றர் இடம். சுவரிலிருந்து ஒரு கை விட்டு, தரையிலிருந்து கல்லில் உயர்த்தி, மேலே மட்டும் தகரம் மூடுங்கள். பக்கங்களையும் பொலித்தீனால் மூடினால் பூஞ்சணம் பிடித்துவிடும். விறகுக்கு இடையில் கை விடும்போது பாம்பு, தேளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காஸோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசையென்றால் இந்தக் கணக்கு உதவும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாயூல், காஸில் சுமார் 45. நல்ல களிமண் அடுப்பு அந்தச் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கைப் பானைக்குக் கொடுக்கும், காஸ் அடுப்பு பாதிக்கு மேல். ஆகவே 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று செய்கிற வேலைக்கு சுமார் 100 கிலோ காய்ந்த விறகு வேண்டும். விறகை விலைக்கு வாங்குகிறவர்கள் அன்றைய இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகரத்துக்குள் சில நேரம் காஸே லாபமாக இருக்கும்.

எரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது

அடுப்பு காய்ந்து ஒரு கிழமை பழகிய பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சமையல் தராசில் விறகை நிறுத்து வையுங்கள். அடுப்பு ஏற்கனவே சூடாக இருக்கும்போது, இரண்டு லீற்றர் தண்ணியை மூடிய பானையில் ஏற்றிக் கொதிக்க விடுங்கள். கொதித்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்து அணைத்து, மிச்சத்தைத் திரும்ப நிறுங்கள். நல்ல அடுப்பானால் இரண்டு லீற்றருக்கு 200 கிராமைச் சுற்றித்தான் போயிருக்கும். 350, 400 என்று காட்டினால் எங்கோ சூடு ஒழுகுகிறது.

எங்கே என்று நெருப்பே காட்டும். இருட்டிய பிறகு குசினி லைற்றை அணைத்துவிட்டு அடுப்பருகே இருங்கள். பானை அடியில் நெருப்பு விரிந்து, விளிம்போடு நின்றால் அளவு சரி. பானையின் பக்கங்களில் நெருப்பு ஏறி கைபிடி வரை நக்கினால் விறகு கூட, அல்லது வாய் பெரிது. முதலில் ஒரு கொள்ளியைக் குறையுங்கள், அப்போதும் ஏறினால் வாய் விளிம்பில் அரை அங்குலம் மண் பூசி ஒடுக்குங்கள். நெருப்பு பானையை எட்டாமல் கீழேயே சோம்பிக் கிடந்து, மஞ்சள் புகை துவாரத்தால் வந்தால் காற்றுப் போதவில்லை. சாம்பலை வாருங்கள், பானை இடைவெளியில் விரல் போகிறதா பாருங்கள், குழாயில் கரி அடைத்திருக்கிறதா தட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் இப்படி ஆனால் அடுப்பில் குறையில்லை, விறகு ஈரம்.

இரவு சமையல் முடிந்ததும் கொள்ளியை இழுத்து மண்ணில் புதைத்து அணையுங்கள். தணல் தணியட்டும் என்று கதவு யன்னலைச் சாத்திவிட்டு வீட்டோடு ஒட்டிய குசினிக்குப் பக்கத்தில் படுக்கக் கூடாது. தணலில் இருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வாடை குளிருக்கு யன்னலை மூட மனம் வந்தாலும் அடுப்படி யன்னல் ஒன்று விடியும் வரை திறந்தே இருக்க வேண்டும்.